கோணிப்போன ட்ரம் மறுபடி வட்டமாவது எப்படி?

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய அப்பா எண்பதுகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் ட்ரம்ஸ் வாசித்தவர். அந்த செட்டில் மிச்சமிருப்பது 16 அங்குல ஃப்ளோர் டாம் (தரையில் கால் ஊன்றி நிற்கும் பெரிய ட்ரம்) ஒன்றுதான். பதினைந்து வருடம் பரணில், படுத்தவாக்கில், மேலே இரண்டு சூட்கேஸ் சுமந்தபடி கிடந்திருக்கிறது. இப்போது இறக்கிப் பார்த்தால் புது ஹெட் (ட்ரம்மின் மேல் மாட்டும் தோல்) பொருந்தவே மாட்டேன் என்கிறது. வெளிவிட்டத்தை ஒரு பக்கம் அளந்தால் 408 மில்லிமீட்டர், குறுக்கே அளந்தால் 398. "கோணிப்போன வாத்தியம் வீட்டில் இருந்தால் ஆகாது, தூக்கிப் போடு என்கிறார்கள். சரிசெய்ய முடியுமா?" என்று கேட்டிருந்தார்.

தூக்கிப் போடாதீர்கள். அப்பா வாசித்த வாத்தியத்தை விரட்ட ஒரு சகுனமா காரணம்? அந்த ட்ரம் கோணியதற்குக் காரணம் இரண்டு சூட்கேஸும் பதினைந்து மழைக்காலமும். அதே காரணத்தைத் திருப்பிப் பிடித்தால் கோணலையும் எடுத்துவிடலாம்.

மரம் ஈரம் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஐப்பசியில் இறுகிக்கொள்ளும் வாசல் கதவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்காது. ட்ரம் செய்யப் பேர்போன மேப்பிள் மரம், பச்சை மரமாக இருந்து முழுக்கக் காய்வதற்குள் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 9.9 சதவீதம் சுருங்கும். நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் 4.8 சதவீதம்தான். நீளவாக்கில் 0.1, 0.2 என்று ஏதோ கொஞ்சம். மெல்லிய மரத் தகடுகளை (ப்ளை) குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி ப்ளைவுட் ஷெல், அதாவது ட்ரம்மின் மரக்கூடு, செய்வதே இந்தச் சண்டையை அடக்கத்தான். அப்படியும் ஷெல்லின் வெளிப்பக்கம் பிளாஸ்டிக் உறையோ வார்னிஷோ இருக்கும், உள்பக்கம் பெரும்பாலும் வெறும் மரம். ஈரம் ஒரு பக்கமாகவே போய் வருகிறது.

இதுமட்டும் 10 மில்லிமீட்டர் கோணலுக்குப் போதாது. சூட்கேஸ் எடை மட்டும் என்றாலும் போதாது. இரண்டும் சேரும்போதுதான் விஷயம் நடக்கிறது. எனக்கு மரத்தைப் பற்றித் தெரிந்ததிலேயே மிகவும் பிடித்த விஷயம் இது.

1960-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்து எழுதினார்கள். எடை தாங்கி நிற்கும் மரத்துண்டு ஒன்றை எப்போதும் உலர்ந்தே வைத்திருங்கள், கொஞ்சம் வளையும். எப்போதும் ஈரமாகவே வைத்திருங்கள், இன்னும் கொஞ்சம் வளையும். அதே எடையோடு, நனைத்து, காயவைத்து, மறுபடி நனைத்துப் பாருங்கள். முந்தைய இரண்டையும் தூக்கிச் சாப்பிடும் அளவுக்கு வளைகிறது. ஈரம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, ஈரம் மாறிக்கொண்டே இருப்பதுதான் மரத்தை இளக்குகிறது. புத்தக அலமாரியின் பலகை வருடக்கணக்கில் மெல்லத் தொய்வதற்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

ஏன் இப்படி? சொல்லப்படும் விளக்கங்களில் என் மனதுக்கு நெருக்கமானதைச் சொல்கிறேன். மரத்தின் செல் சுவருக்குள் செல்லுலோஸ் போன்ற நீண்ட மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. நெரிசலான டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடும்போது கண்டக்டர் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று எவ்வளவு கத்தினாலும் ஒருவரும் நகர மாட்டார்கள்; ஆளுக்கொரு கம்பியைப் பிடித்திருக்கிறார்கள். ஸ்டாப் வந்து நாலு பேர் இறங்கி நாலு பேர் ஏறும்போதுதான் எல்லோரும் ஒரு கணம் கம்பியை விடுகிறார்கள், ஓரடி தள்ளி வேறு கம்பியைப் பிடிக்கிறார்கள். கண்டக்டரின் குரல்தான் எடை. ஏறி இறங்கும் பயணிகள் தண்ணீர் மூலக்கூறுகள். தண்ணீர் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் பழைய பிணைப்புகள் விட்டு, எடை தள்ளும் திசையில் கொஞ்சம் நகர்ந்து, புது இடத்தில் பிடித்துக்கொள்கின்றன. பருத்திச் சட்டைக்குத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போடும்போது மடிப்பு நிற்பதும் இந்தக் குடும்பத்துச் சங்கதிதான். அங்கே சூடும் சேர்ந்துகொள்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். ஹெட், அதை அழுத்திப் பிடிக்கும் வளையமான ரிம், ரிம்மை முறுக்கும் திருகுகள் பொருந்தும் லக் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஷெல்லைச் சுற்றி விரலால் தட்டிக்கொண்டே வாருங்கள். எங்காவது சத்தம் செத்துப்போய்க் கேட்டால் அங்கே ப்ளை விட்டிருக்கிறது; முதலில் அதற்குப் பசை விட்டு க்ளாம்ப் போடுங்கள். அப்புறம் சமையலறை கிரானைட் மேடையில் ஷெல்லை நிறுத்தி, விளக்கை அணைத்து, உள்ளே மொபைல் டார்ச்சை வையுங்கள். விளிம்புக்கு அடியில் எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே விளிம்பும் நெளிந்திருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேய்த்துச் சமன்படுத்துவது கடைசி வேலை, இப்போது தொடாதீர்கள்.

408, 398 இரண்டின் சராசரி 403. ஷெல் முதலில் இருந்த வட்டம் ஏறக்குறைய அதுதான். 398 இருக்கும் குறுகிய விட்டத்தின் திசையிலேயே, உள்பக்கமாக, திருகினால் நீளும் ஒரு கம்பியைப் பொருத்த வேண்டும். இரண்டு முனையிலும் ஷெல்லின் வளைவுக்குச் செதுக்கிய மரக்கட்டை இருக்கட்டும். மெல்லத் திருகி 403-ஐத் தாண்டி 406 வரை கொண்டுபோங்கள். விட்டதும் கொஞ்சம் திரும்பும், அதற்குத்தான் இந்த உபரி.

கம்பி இருந்தபடியே ஷெல்லைப் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு, கூடவே ஒரு கிண்ணத்தில் நனைத்த ஸ்பாஞ்ச் வைத்து மூன்று நாள் மூடிவையுங்கள். அப்புறம் வெளியே எடுத்து நிழலில் நாலைந்து நாள். மறுபடி பை. இப்படி நாலைந்து சுற்று. தண்ணீரில் ஊறவைக்கவே கூடாது, ப்ளை பிரிந்துவிடும். நீராவியும் வேண்டாம். முப்பதுகளில் சிகாகோவின் ஸ்லிங்கர்லேண்ட் கம்பெனி 'ரேடியோ கிங்' ஸ்நேர் ட்ரம்மை ஒரே மேப்பிள் பலகையை நீராவியில் வளைத்துச் செய்தது. அது ஒற்றைப் பலகை, அதனால் தாங்கியது. அதிலும் வட்டம் நிற்பதற்காக மேலும் கீழும் உள்பக்கம் வளையம் ஒட்டினார்கள். உங்கள் டாமுக்கும் கடைசியில் அப்படி வளையம் ஒட்டச் சொல்லி ஆசாரியிடம் கேட்கலாம், நல்ல காப்பு.

காயும்போது கம்பியை எடுத்துவிடாதீர்கள். நான் ஒரு நண்பரின் 14 அங்குல ஸ்நேரில் அவசரப்பட்டு ஐந்தாம் நாளே எடுத்தேன், ஈரம் இன்னும் உள்ளே இருந்தது. மறுநாள் காலைக்குள் பாதிக் கோணல் திரும்பிவிட்டது. கையில் பிடித்திருந்த 14 அங்குல வட்டத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு முதலிலிருந்து தொடங்கி ஐந்து வாரம் ஆனது.

இங்கே ஒரு ஆசையைச் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன மேப்பிள் எண்களை அமெரிக்க அரசு ஒரு கையேட்டில் அச்சிட்டு யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளத் தருகிறது. மிருதங்கத்தின் தோல் பற்றி சி.வி. ராமன் 1920-லேயே 'நேச்சர்' இதழில் எழுதினார். அதைத் தாங்கும் பலாக் கட்டைக்கும், பறைச் சட்டத்து வேம்புக்கும் அதே அக்கறை கிடைக்க வேண்டும். பெங்களூரில் மர அறிவியலுக்கென்றே மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. வாத்திய மரங்களுக்கென்று அங்கே தனியாக நிதி ஒதுக்கி, கண்டதைத் தமிழில் எழுதி வாத்தியம் செய்பவர்களின் பட்டறைக்கே கொண்டுபோய்க் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கடைசிச் சுற்று காய்ந்து, கம்பியை எடுத்ததும் ஹெட்டை மாட்டிவிடாதீர்கள். ஒரு வாரம் சும்மா விட்டு, தினமும் இரண்டு விட்டத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் 403-ஐ ஒட்டி நின்றால், கிரானைட் மேடையில் மணல்தாளைப் பரப்பி விளிம்பைச் சமன்படுத்தி, ஹெட்டைச் சும்மா மேலே வைத்து விரலால் சுற்றிப் பாருங்கள். எங்கும் பிடிக்காமல் ஒரு முழுச் சுற்று வர வேண்டும்.