மீட்டியோகிராம்: ஓரிட வானிலை வரைவு

வடகிழக்குப் பருவமழைக் காலம் நெருங்கும்போது, சென்னையில் வானிலையை ஆர்வத்தோடு கவனிப்பவர்களிடையே ‘மீட்டியோகிராம்’ என்ற சொல் அதிகமாகப் புழங்கத் தொடங்கும். கணினித் திரையிலுள்ள நிலப்படத்தில் வேளச்சேரியையோ எண்ணூரையோ சொடுக்கினால், அவ்விடத்தின் வெப்பநிலை, பனிப்புள்ளி (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை; ஈரம் கூடினால் இதுவும் உயரும்), காற்று, காற்றழுத்தம், மேகம், மழை ஆகியவை வரும் நாட்களில் மணிவாரியாக எப்படி மாறும் என்று வானிலை மாதிரி, அதாவது வானிலையை முன்கணிக்கும் கணினி நிரல், கணித்திருப்பதை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டும் படமே அது. கிடை அச்சில் காலம் நகரும், இடம் நகராது.

இச்சொல்லில் இரண்டு கிரேக்க வேர்கள் உள்ளன. ‘மெட்டியோரோன்’ என்றால் உயரத்தில் இருப்பது. ‘கிராம்மா’ என்றால் எழுதப்பட்டது, வரையப்பட்டது. எரிகல்லைக் குறிக்கும் ‘மீட்டியோர்’ என்ற சொல்லும் இந்த முதல் வேரிலிருந்தே வந்தது. அரிஸ்டாட்டில் தம் ‘மீட்டியோரோலாஜிக்கா’ நூலில் மழை, காற்று, இடி ஆகியவற்றோடு வால்வெள்ளியையும் சேர்த்தே ஆராய்ந்தார் என்பதை நினைத்தால் இந்த உறவு விளங்கும். ‘கிராம்’ என்ற பின்னொட்டு கருவிகளின் உலகத்துக்குரியது: உருளையில் சுற்றிய தாளின்மீது காற்றழுத்தத்தைத் தானே கீறிச்செல்லும் கருவியின் பதிவு ‘பாரோகிராம்’ எனப்பட்டது. ஆனால் அது நடந்து முடிந்ததன் பதிவு. இன்று நாம் காணும் மீட்டியோகிராமோ பெரும்பாலும் இனி நடக்கக்கூடியதன் கணிப்பு.

தமிழில் இதனை ‘வானிலை வரைபடம்’ என்று எழுதுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ‘வரைபடம்’ என்ற ஒரே சொல்லை நாம் நிலப்படத்துக்கும் கணக்குப் பாடத்தின் கோட்டுப்படத்துக்கும் வழங்குகிறோம்; அதற்கு மேல், சமஅழுத்தக் கோடுகளோடு வங்கக்கடல் முழுவதையும் ஒரே நேரத்தில் காட்டும் படத்துக்கும் ‘வானிலை வரைபடம்’ என்றே பெயர். அது பல இடம், ஒரு நேரம். மீட்டியோகிராம் ஓரிடம், பல நேரம். ஆகவே ‘ஓரிட வானிலை வரைவு’ என்பதே பொருத்தம் என்று கருதுகிறேன். பழகியபின் ‘ஓரிட வரைவு’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

‘ஓரிடம்’ என்பதைச் சற்றே விளக்கியாக வேண்டும். மாதிரிக்கு உங்கள் தெரு தெரியாது. அது உலகைக் கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கிறது. நாம் சொடுக்கிய இடத்துக்கு, அருகிலுள்ள கட்டப்புள்ளியின் மதிப்பையோ சுற்றியுள்ள புள்ளிகளிலிருந்து இடைக்கணித்த மதிப்பையோ மென்பொருள் எடுத்துத் தருகிறது. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரியின் வெளியீட்டில் கட்டத்தின் அளவு 0.25 பாகை, அதாவது சென்னைப் பகுதியில் ஏறத்தாழ 27 கி.மீ.; ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையத்தின் மாதிரியில் ஏறத்தாழ 9 கி.மீ. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாக, சுமார் 20 கி.மீ. தள்ளியிருக்கும் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ.தான் பதிவானது. இத்தகைய வேறுபாட்டைப் பெரிய கட்டம் ஒரே சராசரியாக்கிவிடும்.

கடற்கரை நகரத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சரியாகக் கணிக்கப்பட்ட ஒரு கோடைநாள் வரைவில், முற்பகலில் மேற்கிலிருந்து வீசும் காற்றின் குறி பிற்பகலில் தென்கிழக்குக்குத் திரும்பும். அதே வேளையில் வெப்பநிலைக் கோடு ஏறுவதை நிறுத்திச் சரியும், பனிப்புள்ளிக் கோடு மேலெழும். கடற்காற்று நுழைந்துவிட்டது என்பதற்கு இம்மூன்றும் சேர்ந்தே சான்று. திருவான்மியூரில் சொடுக்கியும் பகலுக்கும் இரவுக்கும் அதிக வேறுபாடின்றி வெப்பநிலைக் கோடு தட்டையாகக் கிடந்தால், மென்பொருள் எடுத்தது கடல்மேல் விழுந்த கட்டப்புள்ளியாக இருக்கலாம். மேற்கே சற்றுத் தள்ளி மீண்டும் சொடுக்கிப் பார்ப்பது நல்லது.

கிடை அச்சின் நேரத்தையும் கவனிக்க வேண்டும். பல வரைவுகள் உலகப் பொது நேரத்தில் அமைந்தவை. அதில் 00 மணி என்பது நமக்குக் காலை 5.30. இந்திய வானிலை ஆய்வுத் துறை மழையளவைக் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடுகிறது. ஆதலால் வரைவிலுள்ள மழைப் பட்டைகளை உலகப் பொது நேரப்படி 03 மணி முதல் மறுநாள் 03 மணி வரை கூட்டிய பிறகே நுங்கம்பாக்கத்தில் அளந்த மழையோடு ஒப்பிட வேண்டும்.