வீட்டுவேலைத் தொழிலாளர்: ‘உள்நாட்டு உதவியாளர்’ தவறு, ‘பணிப்பெண்’ போதாது

ஹாங்காங்கில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்களைப் பற்றிய செய்தி தமிழுக்கு வரும்போதெல்லாம் ‘வெளிநாட்டு உள்நாட்டு உதவியாளர்’ என்றொரு தொடர் கண்ணில் படுகிறது. ‘ஃபாரின் டொமெஸ்டிக் ஹெல்பர்’ என்ற மூன்று சொல்லுக்கு மூன்று தமிழ்ச் சொல்லை வரிசையாக அடுக்கியதால் வந்த வினை இது. வெளிநாட்டவர் எப்படி உள்நாட்டவரும் ஆவார் என்று எழுதியவரும் கேட்கவில்லை, திருத்தியவரும் கேட்கவில்லை.

வேர் எளிது. லத்தீனில் ‘டோமுஸ்’ என்றால் வீடு. வீட்டைச் சேர்ந்தது ‘டொமெஸ்டிக்’. சொந்த நாட்டையும் வீடாகக் கருதியதால் உள்நாட்டு விமானம், உள்நாட்டு உற்பத்தி என்ற பொருள் பின்னால் வந்தது. இங்கே பொருள் வீடு மட்டுமே. ‘உள்நாட்டு’ என்பதை அடித்துவிடலாம்.

‘ஹெல்பர்’ அவ்வளவு எளிதில் விடாது. அது ஹாங்காங் அரசே வைத்திருக்கும் பெயர். ஆனால் அதே அரசு கட்டாயமாக்கியிருக்கும் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தால், உதவி என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. சமையல், வீட்டு வேலை, குழந்தை பார்த்தல், முதியவர் கவனிப்பு என்று அட்டவணை போட்டிருக்கிறது. வீட்டின் பரப்பளவு, வீட்டில் எத்தனை பேர், அவருக்குத் தனி அறை உண்டா, இல்லையென்றால் எந்த வயதுக் குழந்தையோடு அறையைப் பகிர்வார், கட்டில், போர்வை, அலமாரி உண்டா என்று ஒவ்வொன்றையும் நிரப்ப வேண்டும். நடைவழியில் தற்காலிகப் படுக்கை போடுவது பொருத்தமான இடவசதி ஆகாது என்றும் எழுதியிருக்கிறது. 2017 முதல் சன்னல் துடைப்பதற்கும் தனி விதி உண்டு: தரைத்தளம் தவிர்த்த மாடிகளில் வெளிப்பக்கம் துடைப்பதானால் சன்னலில் கம்பித் தடுப்பு பூட்டியிருக்க வேண்டும், கை தவிர உடலின் எந்தப் பகுதியும் வெளியே நீளக் கூடாது. உயரமான மாடிகளிலிருந்து பெண்கள் விழுந்து இறந்த பிறகு எழுதப்பட்ட விதி அது. இவ்வளவையும் கையெழுத்திட்டுச் செய்பவர் உதவி செய்பவரா?

பிலிப்பைன்ஸின் தகலோகு மொழியிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. ‘துலோங்’ என்றால் உதவி. அதிலிருந்து வந்த ‘கத்துலோங்’தான் வீட்டு வேலை செய்பவருக்கு நெடுநாளாக வழங்கும் பெயர். அதைவிட இழிவானது ‘உத்துசான்’, ஏவப்படுபவர். 2013 ஜனவரியில் வந்த சட்டம் ‘கசம்பஹாய்’ என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. கசாமா துணை, பாஹாய் வீடு. வீட்டுத் துணை என்று பொருள். எழுத்து வடிவ ஒப்பந்தம், வாரம் 24 மணி நேரத் தொடர் ஓய்வு, சமூகப் பாதுகாப்பு எல்லாம் அந்தச் சட்டத்தில் உண்டு. ஆனால் அது பிலிப்பைன்ஸுக்குள் வேலை செய்வோருக்கானது. வெளிநாடு போகிறவர்களுக்கு 2006-இல் தனி விதிகள் வந்தன: அன்றைய கணக்கில் மாதம் குறைந்தது 400 அமெரிக்க டாலர் சம்பளம், பயிற்சிச் சான்றிதழ், முகவர் அவர்களிடம் வேலைக்கட்டணம் வாங்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். பிறகு ‘கட்டணமே இல்லையே, செய்தியில் வரும் இந்தப் பெண்ணுக்கு எப்படிக் கடன்?’ என்று வாசகர் குழம்புகிறார். கட்டணத்தைப் பயிற்சிச் செலவு, மருத்துவச் செலவு என்று பெயர் மாற்றி வாங்குவதும், கடன் கொடுக்கும் நிறுவனத்தின் தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கி முதல் சில மாதச் சம்பளத்தில் பிடிப்பதும்தான் அங்கே நடக்கும் வழி. இதைப் புரியவைக்க ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை யாரும் எழுதுவதில்லை.

இனி ‘பணிப்பெண்’. சிங்கப்பூரில் ‘இல்லப் பணிப்பெண்’, இலங்கையில் ‘வீட்டுப் பணிப்பெண்’. ‘வேலைக்காரி’யைக் கைவிட இந்தச் சொல் உதவியது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். பணி என்ற சொல்லிலும் இழிவு இல்லை. அரசுப் பணி, ஆசிரியப் பணி என்கிறோம். என்றாலும் பணிந்தான் என்றால் அடங்கினான், பணித்தான் என்றால் கட்டளையிட்டான். அரசிக்குச் சாமரம் வீசியவளும் கதைகளில் பணிப்பெண்தான். அரசுப் பணியில் இருப்பவரை நாம் அலுவலர், ஊழியர் என்கிறோம். வீட்டில் வேலை செய்பவர் என்றதும் அவர் பெண் என்பதே பெயராகிவிடுகிறது. 45 வயதில் மூன்று பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாயும் ‘பணிப்பெண்’, முதல் முறை விமானம் ஏறிய 24 வயதுக்காரரும் ‘பணிப்பெண்’. இதே வேலையைச் செய்யும் ஆணுக்கு இந்தச் சொல்லில் இடமே கிடையாது.

இதைவிடப் பெரிய குறை, இவர்களுடைய கோரிக்கையின் மையத்தையே இந்தச் சொல் மறைத்துவிடுவது. சிங்கப்பூரின் வேலைவாய்ப்புச் சட்டத்துக்குள் இவர்கள் வரமாட்டார்கள். இவர்களுக்கு வேறு சட்டம். 2011-இல் ஹாங்காங் நடைமுறைப்படுத்திய குறைந்தபட்சக் கூலிச் சட்டம், வேலை செய்யும் வீட்டிலேயே தங்குவோருக்குப் பொருந்தாது. லெபனானின் தொழிலாளர் சட்டமும் வெளியே நிறுத்துகிறது. இவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: எங்களையும் தொழிலாளராகக் கணக்கில் எடுங்கள். 2011-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 189-ஆம் உடன்படிக்கை அதைத்தான் சொன்னது. பிலிப்பைன்ஸ் மறு ஆண்டே ஏற்றது. அந்த உடன்படிக்கையின் தலைப்பிலேயே இருக்கும் ‘ஒர்க்கர்’ என்பதைப் ‘பணிப்பெண்’ என்று தமிழாக்கினால், கேட்ட கோரிக்கை தமிழில் காணாமல் போகிறது. தோட்டங்களில் ‘கூலி’ போய்த் ‘தோட்டத் தொழிலாளர்’ வந்ததன் அருமை தெரிந்த மொழி நம்முடையது.

அப்படியென்றால் ‘வீட்டுத் தொழிலாளர்’ என்று சுருக்கமாகச் சொல்லலாமே என்பார்கள். சொல்ல முடியாது. தன் வீட்டிலிருந்தே பீடி சுற்றுபவர், ஊதுபத்தி உருட்டுபவர் அந்தப் பெயருக்கு உரியவர். அவர்களுக்கு 1996-இன் 177-ஆம் உடன்படிக்கை தனியாக இருக்கிறது. தமிழ்நாட்டு நல வாரியம் ‘வீட்டுப் பணியாளர்’ என்கிறது. அதில் பால் வேறுபாடு இல்லை, பிழையும் இல்லை. எனினும் ‘வீட்டுவேலைத் தொழிலாளர்’ இன்னும் தெளிவு. ‘வீட்டு வேலை’ எல்லார் வாயிலும் இருக்கும் சொல், ‘தொழிலாளர்’ சட்டத்தில் இருக்கும் சொல். தலைப்புக்கு நீளம் என்பவர்கள் முதல் முறை முழுதாக எழுதிவிட்டு, அடுத்தடுத்து ‘தொழிலாளர்’ என்றே எழுதலாம்.

கூடவே திருத்த வேண்டியவை இன்னும் உண்டு. ‘எஜமானி’ வேண்டாம், ‘வேலை கொடுத்தவர்’ போதும். ‘ஓடிப்போன பணிப்பெண்’ அறவே வேண்டாம். ‘வேலையை விட்டு ஓடிவிட்டார்’ என்று சவுதியில் வேலை கொடுத்தவர் புகார் பதிந்தால் அது ‘ஹுரூப்’. அங்கே வேலை பார்க்கும் தமிழர்களுக்கும் தெரிந்த சொல்தான். சம்பளம் வராமல் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தவர் மீதும் அந்தப் பதிவு விழலாம். செய்தியில் ‘ஓடிப்போனார்’ என்று எழுதுபவர், புகார் கொடுத்த தரப்பின் வாக்குமூலத்தையே உண்மையாக அச்சிடுகிறார். ‘வேலை செய்த வீட்டிலிருந்து வெளியேறினார்; அவர் மீது ஹுரூப் பதியப்பட்டது’ என்று எழுதுங்கள்.