அப்லோம்: ஒற்றைக் காலில் நிற்கும் சொல்

அப்லோம் (பெயர்ச்சொல்): பாலே நடனத்தில், எந்த நிலையிலும், குறிப்பாக ஒற்றைக் காலில், தள்ளாடாமல் உடலை நிறுத்தும் திறன்.

கொத்தனாரின் தூக்குக்குண்டிலிருந்து பிறந்த சொல் இது. பிரெஞ்சில் ‘ப்லோம்’ என்றால் ஈயம். அதற்கு மூலம் இலத்தீனின் ‘ப்லும்பும்’. நூலில் தொங்கும் ஈயக்குண்டு காட்டும் செங்குத்துக் கோட்டோடு பொருந்தி நிற்பதை ‘ஆ ப்லோம்’ என்றார்கள். சுவருக்குச் சொன்னது பிறகு மனத்துக்கும் ஏறியது. ஆங்கிலத்தில் அது பதற்றமற்ற தன்னம்பிக்கை. ரஷ்யர்கள் ‘அப்லோம்ப்’ என்று கடைசி ஒலியையும் விடாமல் சொல்வார்கள். அன்றாடப் பேச்சில் அது அளவு மீறிய தோரணையைக் குத்திக்காட்டும் சொல். பாலே வகுப்புக்குள் மட்டும் பாராட்டு!

ரஷ்ய வகுப்பில் பிரெஞ்சு புழங்குவதில் வியப்பில்லை. பீட்டர்ஸ்பர்க்கில் 1738-இல் நடனப் பள்ளியைத் தொடங்கியவரே ழான் பத்தீஸ்த் லாந்தே என்ற பிரெஞ்சுக்காரர்தான். அதே பள்ளியில் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியையான அக்ரிப்பினா வகானவா (1879–1951), 1934-இல் வெளியிட்ட பாடநூலில் அப்லோமுக்குத் தனி இடம் தந்தார். ‘நிலைத்திருத்தல்’ எனப் பொருள்படும் ‘உஸ்தோய்ச்சிவஸ்த்’ என்ற ரஷ்யச் சொல்லும் இதற்கு உண்டு.

வகானவாவின் பார்வையில் அப்லோமின் தண்டு முதுகெலும்பு. அதை இடுப்புப் பகுதித் தசைகளில் உணரப் பழக வேண்டும். பாதத்தை மட்டும் இறுக்கிப் பயனில்லை. தொடக்க மாணவர் வகுப்புச் சுவரோரம் பிடிமானத்துக்காக இருக்கும் கம்பியை இரு கைகளாலும் பற்றிப் பழகுகிறார். பிறகு ஒரு கை. பிறகு கம்பியே இல்லாமல் வகுப்பறையின் நடுவில். ஒற்றைக் கை கட்டத்தில் கை கம்பிமேல் இலேசாகக் கிடக்க வேண்டுமே தவிர, அதில் தொங்கக் கூடாது. பயிற்சியின் முடிவில், குதிகாலை உயர்த்தி முன்பாதத்தில் நிற்கும் அரைவிரல் நிலையில் கையை எடுக்கச் சொன்னால் யார் தொங்கினார் என்பது உடனே தெரிந்துவிடும்.

தமிழில் என்ன சொல்வது? ‘சமநிலை’ தராசுக்குப் பொருந்தும். இங்கே இரு தட்டுகள் இல்லை. சிற்பக்கலையின் ‘சமபங்கம்’ அழகான சொல், ஆனால் அதில் எடை இரு கால்களிலும் சமமாக இறங்குகிறது. ‘நிமிர்நிலை’யும் தவறு: ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைப் பின்னால் நீட்டும் அரபெஸ்க்கில் மார்பு முன்சாய்கிறது, முதுகு வளைகிறது, ஆனாலும் உடலின் எடைமையம் தாங்கு பாதத்துக்கு நேர்மேலேயே இருக்கிறது. ‘தூக்குநிலை’ மூலத்துக்கு மிக நெருக்கம். ஆனால் இணை நடனத்தில் ஆண், பெண்ணை உயர்த்துவதையும் தூக்குதல் என்றுதானே சொல்வோம்?

என் தேர்வு ‘தண்டுநிலை’. முதுகுத்தண்டு என்ற சொல் நம்மிடம் முன்பே இருப்பதால் வகானவாவின் கருத்து தானாக உள்ளே வந்துவிடுகிறது. வகுப்பில் இப்படிச் சொல்லலாம்: “கால் உயர்ந்தது போதும், தண்டுநிலை தளர்கிறது பார்.”