தியோ வான் கோ: சட்டம் போட்ட எல்லையும் பயம் போட்ட எல்லையும்

படப்பிடிப்புக்கு முன்பே திரைக்கதையை வாங்கி, சட்டச் சிக்கல் வருமா என்று வரிவரியாகப் படித்துச் சொல்லும் வழக்கறிஞர் நான். வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "எதுவரைக்கும் போகலாம்?" என்றுதான். அந்தப் பேச்சில் நெதர்லாந்து இயக்குநர் தியோ வான் கோவின் பெயர் அடிக்கடி வரும். சிலருக்கு அவர் தியாகி, சிலருக்கு வம்பை விலைக்கு வாங்கியவர். இரண்டுமே அவசரத் தீர்ப்பு.

ஓவியர் வான் கோவின் தம்பி வழிக் கொள்ளுப்பேரன் இவர். 2004 ஆகஸ்டில், நாடாளுமன்ற உறுப்பினர் அயான் ஹிர்சி அலி எழுதி இவர் இயக்கிய 'சப்மிஷன்' என்ற குறும்படம் டச்சுத் தொலைக்காட்சியில் வந்தது. ஓடும் நேரம் ஏறக்குறைய 11 நிமிடம். மெல்லிய துணி போர்த்திய பெண்ணின் உடலில் குர்ஆன் வசனங்கள் எழுதப்பட்டிருக்கும். அடிபட்ட பெண்கள் இறைவனிடம் முறையிடுவார்கள். அதே ஆண்டு நவம்பர் 2 காலை, ஆம்ஸ்டர்டாமில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவரைச் சுட்டு, கழுத்தையும் அறுத்துக் கொன்றான் ஒருவன். உடலில் கத்தியால் குத்தி வைத்த கடிதம் ஹிர்சி அலிக்கான கொலை மிரட்டல். கொலையாளிக்கு 2005இல் ஆயுள் தண்டனை கிடைத்தது.

கொலைக்கு எந்த நியாயமும் கிடையாது. அதே சமயம், செத்துவிட்டார் என்பதற்காக அவர் பேசியதெல்லாம் நல்ல பேச்சாகிவிடாது. முஸ்லிம்களை மிருகங்களோடு சேர்த்து ஆபாசமாகத் திட்டியவர் அவர். யூத இன அழிப்பை வைத்தும் நக்கலடித்தவர். என்னிடம் வந்திருந்தால், குறும்படத்துக்குச் சரி சொல்லியிருப்பேன். அந்த வசவுகளைச் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

ஏன் என்று கேட்டால், ஏதோ ஒரு திரைக்கதையில் இப்படி இரண்டு வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். "இந்த வசனத்தைக் காட்டித்தான் என்னை அடித்தான்" என்று ஒரு பாத்திரம் சொல்கிறது. அது நம்பிக்கையின் மீதான விமர்சனம். "அந்த மதத்துக்காரர்களே அப்படித்தான்" என்று இன்னொன்று சொல்கிறது. அதையே படமும் ஆமோதித்தால், இலக்கு மனிதர்கள். டச்சுச் சட்டமும் கிட்டத்தட்ட இங்கேதான் கோடு போடுகிறது. மதத்தைக் காரணமாக வைத்து ஒரு கூட்டத்தையே இழிவுபடுத்துவது அங்கே குற்றம். ஆனால் இஸ்லாம் ஒரு புற்றுக்கட்டி என்று எழுதிச் சுவரொட்டி மாட்டியவரை, மதத்தைச் சாடுவது மட்டுமே மக்களை இழிவுபடுத்துவதாகாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2009இல் விடுவித்தது. எனக்கு அந்தச் சுவரொட்டி துளியும் பிடிக்கவில்லை, தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். புண்படுத்தும், அதிர வைக்கும் கருத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1976லேயே சொல்லிவிட்டது.

கொலை நடந்த கையோடு, கிடப்பில் கிடந்த தெய்வ நிந்தனைச் சட்டத்துக்கு உயிர் கொடுக்கலாம் என்றார் அப்போதைய நீதி அமைச்சர். எதிர்ப்பு கிளம்பி அது நடக்கவில்லை. 2014இல் அந்தப் பிரிவே நீக்கப்பட்டது.

ஆக, சட்டம் பின்வாங்கவில்லை. ஆனால் 2005 ஜனவரியில் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் காட்டவிருந்த 'சப்மிஷ'னைப் பாதுகாப்பு காரணமாகத் தயாரிப்பாளரே திரும்பப் பெற்றுக்கொண்டார். எந்த நீதிமன்றமும் தடுக்காத படத்தைப் பயம் தடுத்துவிட்டது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அடி மறுபக்கமும் விழுந்தது: கொலைக்குப் பின் சில நாட்களிலேயே ஊடென் என்ற சிற்றூரில் ஒரு இஸ்லாமியத் தொடக்கப் பள்ளியைக் கொளுத்தினார்கள். அதில் படித்த பிள்ளைகளுக்கும் இந்தப் படத்துக்கும் என்ன சம்பந்தம்?

அதனால்தான் "எதுவரைக்கும் போகலாம்?" என்று கேட்பவரிடம், "உங்களோடு யார் யார் வருகிறார்கள்?" என்று கேட்கிறேன். இயக்குநர் துணிந்தவர் என்பதற்காக ஒலிப்பதிவு உதவியாளரும் துணிந்தே ஆக வேண்டுமா? படம் எதைப் பற்றியது என்று ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெயர் போட வேண்டாம் என்பவருக்கு அந்த உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுங்கள். மிரட்டல் வந்தால் அந்தச் செய்தியை அழிக்காமல் பத்திரப்படுத்தி, அன்றைக்கே போலீஸில் எழுத்துமூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அப்புறம் திரைக்கதையை எடுத்து வாருங்கள், வரிவரியாக உட்கார்ந்து பேசுவோம்.