புயலில் ஷட்டரைத் திறந்து வைக்கலாமா?

"புயல் அடிக்கும்போது ஷட்டரைப் பாதி ஏற்றி வைத்தால் காற்று இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும், கடை தப்பித்துவிடும் என்கிறார்களே, உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை. கூரையைப் பறிகொடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 90 கி.மீ. காற்று சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் சுமார் 38 கிலோ பாரம் வைத்தது போல அழுத்தும். 180 கி.மீ. என்றால் 150 கிலோவைத் தாண்டும். சரி, சுவர் தாங்கிவிடும். கூரை?

கூரையைக் காற்று கீழிருந்து தூக்குகிறது என்றுதான் நினைப்போம். முதல் வேலை மேலிருந்து நடக்கிறது. சுவரில் மோதி மேலேறும் காற்று, கூரை விளிம்பில் சட்டென்று மடங்க முடியாமல் விலகிப் பாய்கிறது. விலகிய இடத்தில் அழுத்தம் குறைந்து, கூரை மேல்நோக்கி இழுபடுகிறது. தட்டையான கூரையின் மூலையில் காற்று சாய்வாக வந்து மோதினால் இன்னும் வேடிக்கை: மூலையிலிருந்து இரண்டு விளிம்புகளையும் ஒட்டி இரண்டு சுழல்கள், படுக்க வைத்த கூம்பு போல முறுக்கிக்கொண்டு விரியும். சுழலின் நடுவில் அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும். விசிறியால் காற்றை வீசவிட்டுச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் புகை விட்டு எடுத்த இந்தச் சுழல்களின் படங்கள் எனக்கு இன்றுவரை அலுத்ததில்லை. கூரைத் தகடு முதலில் மூலையில் பெயர்வது இதனால்தான்.

இப்போது ஷட்டருக்கு வருவோம். காற்று வீசும் பக்கம் அது திறந்திருந்தாலோ பிய்ந்தாலோ, உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியேறப் போதிய வழி இருக்காது. உள்ளே அழுத்தம் நொடிகளில் ஏறிவிடும். மேலே ஒருவன் இழுக்க, கீழே ஒருவன் தள்ள, நடுவில் கூரை. பின்வாசலையும் திறந்து வைத்தால்? புயல் நகர நகரக் காற்றின் திசையும் மாறும், பின்வாசலே நுழைவாசலாகிவிடலாம்.

1974 கிறிஸ்துமஸ் அதிகாலையில் டிரேசி புயல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைப் புரட்டிப் போட்டது. பல கூரைகளில் ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வரவில்லை. காற்று திரும்பத் திரும்ப இழுத்து விட்டதில், கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது போல, ஸ்க்ரூவைச் சுற்றித் தகடு விரிசல் விட்டுக் கிழிந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அந்நாட்டின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் புயல் சோதனை நிலையம் ஒன்று வந்தது. தகட்டை ஆயிரக்கணக்கான முறை இழுத்துப் பார்க்கும் கூடத்துக்குப் பணம் கேட்டால் வீண்செலவு என்பார்கள். ஒரு நகரத்தைத் திரும்பக் கட்டும் செலவை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

கடைக்காரர் செய்ய வேண்டியது: மூலைகளிலும் விளிம்புகளிலும் ஸ்க்ரூக்களை நெருக்கமாகப் போட்டு, அகலமான வாஷர் வைக்க வேண்டும். பெயர்ப்பலகையையும் மொட்டைமாடிச் சாமான்களையும் இறுகக் கட்ட வேண்டும், இல்லை இறக்கிவிட வேண்டும். அப்புறம் ஷட்டர். அகலமான ஷட்டர் காற்றில் வில்லாக வளையும்போது அதன் பட்டைகள் பக்கவாட்டுச் சட்டத்திலிருந்து நழுவும். பிய்வது அங்கேதான் தொடங்கும். பட்டையின் முனை சட்டத்துக்குள் கொக்கி போல மாட்டிக்கொள்கிறதா, சும்மா செருகியிருக்கிறதா என்று புயல் காலத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.