பேட்ஜும் பேட்சும் ஒன்றல்ல

ஆட்டோ ஸ்டாண்டில் ‘பேட்ஜ் இருக்கா?’ என்று கேட்டால் வாடகை வண்டி ஓட்டும் அனுமதியைக் கேட்கிறார்கள். கல்லூரியில் ‘நீ எந்த பேட்ச்?’ என்றால் படித்த ஆண்டு. பஞ்சர் கடையில் பேட்ச் என்றால் டியூபில் ஒட்டும் ரப்பர் துண்டு. ராணுவச் சின்னங்களைச் சேகரிக்க வந்தால் இந்தக் குழப்பம் முழுசாக நம் தலையில் விழும். சட்டைக் கையில் தைத்த துணியை ஒருவர் பேட்ஜ் என்பார், இன்னொருவர் பேட்ச் என்பார். எழுதும்போது இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவார்கள்.

ஆங்கிலத்தில் இவை தொடர்பில்லாத இரண்டு சொற்கள். பேட்ஜ் 14ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்தது. ஒரு பிரபுவின் ஆள் என்று காட்ட அணியும் அடையாளம் அது. அதன் வேர் எதுவென்று ஆங்கில அகராதிக்காரர்களே இன்னும் முடிவு கட்டவில்லை. பேட்ச் என்பது துண்டு. கிழிசலை மூடத் தைக்கும் துணி.

தமிழில் பேட்ஜுக்குப் பழகிய சொல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: வில்லை. மாத்திரைக்கும் லென்ஸுக்கும் சொல்வதால் இந்தப் பொருள் மறந்துபோய்விட்டது. கலெக்டருக்கு முன்னால் நடக்கும் தபேதாரின் சிவப்புப் பட்டையில் பித்தளையில் பளபளக்கிறதே, அதுதான் வில்லை. ‘வில்லைச் சேவகன்’ என்றே ஒரு சொல் இருந்தது. தட்டையான, உலோகத்தில் வார்த்த, குத்திக்கொள்ளும் அடையாளத்துக்கு இதைவிட நல்ல சொல் வேண்டாம்.

2019 உலகக் கோப்பையில் தோனியின் கையுறையில் இருந்த ‘பலிதான்’ சின்னம் நினைவிருக்கும். இந்திய பாரா சிறப்புப் படையினர் மார்பில் பெயர்ப்பட்டைக்குக் கீழே அணியும் அந்தச் சின்னம் உலோகத்தில் செய்தது, அது வில்லை. கையுறையில் இருந்தது அதன் உருவம் மட்டும், ஆகவே சின்னம் என்றாலே போதும். செய்திகளில் முத்திரை என்று எழுதினார்கள். முத்திரை என்பது குத்திப் பதிப்பது, அது இங்கே பொருந்தாது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உயிர்த்தியாகம் என்று பொருள்படும் பலிதானைப் ‘பலி’ என்று மட்டும் பெயர்த்தால் யாரையோ பலி கொடுத்தது போல ஆகிவிடுகிறது. வீரன் தன் உயிரைத் தானே கொடுப்பதற்குத் தொல்காப்பியம் வாகைத் திணையில் வைத்த பெயர் ‘அவிப்பலி’. இத்தனை பொருத்தமான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு நாம் எடுக்காமல் இருக்கிறோம்.

சரி, துணிக்கு வருவோம். பேட்ச் என்பதை ஒட்டு என்று எழுதுவது எனக்குச் சம்மதமில்லை. ‘ஒட்டுப்போட்ட சட்டை’ என்றால் நம் காதில் வறுமைதான் கேட்கும். உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற அடையாளத்துக்கு அந்தப் பெயர் ஆகாது. துணிச்சின்னம் என்பதே என் பரிந்துரை. தோளில் தைத்தால் தோள் துணிச்சின்னம், தொப்பியில் தைத்தால் தொப்பித் துணிச்சின்னம். கேட்டவுடன் புரிகிறது, கையில் எடுத்துப் பார்த்தாலும் அதுதான் இருக்கிறது.

இரண்டு சொல் ஏன் வேண்டும் என்பதற்கு அமெரிக்கச் சிறப்புப் படையின் பச்சைத் தொப்பியே சாட்சி. 1961இல் அமெரிக்க அதிபர் கென்னடி அனுமதி கொடுத்த தொப்பி அது. அதன் முன்புறம் கேடய வடிவில் ஒரு துணிச்சின்னம் தைத்திருக்கும். அதன் மேல் சிப்பாய்கள் படையின் வில்லையைக் குத்துவார்கள், அதிகாரிகள் பதவிச் சின்னத்தைக் குத்துவார்கள். துணியின் நிறம் எந்தக் குழு என்று சொல்லும்: 7ஆம் குழுவுக்குச் சிவப்பு, 10ஆம் குழுவுக்குப் பச்சை. வியட்நாமில் போரிட்ட 5ஆம் குழுவுக்கு வெள்ளைக் கரையிட்ட கறுப்பு, நடுவே தென்வியட்நாம் கொடியின் மஞ்சளும் சிவப்பும் சாய்கோடாக ஓடும். 1985இல் அந்தக் கோட்டை எடுத்துவிட்டு வெறும் கறுப்பாக்கினார்கள். 2016இல் மறுபடி கொண்டுவந்தார்கள். ஆகவே சாய்கோட்டைப் பார்த்ததும் ‘வியட்நாம் காலத்தது’ என்று சொல்லிவிட முடியாது.

இதே சிறப்புப் படையின் தோள் துணிச்சின்னம் 1955இல் வந்த அம்புமுனை வடிவம். நீலப்பச்சைத் துணியில் பொன்னிறக் கத்தி, குறுக்கே மூன்று மின்னல்கள். வான், கடல், தரை என மூன்று வழியாகவும் எதிரி மண்ணில் நுழைவோம் என்று பொருள். அம்புமுனை 1942இல் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து அமைத்த முதல் சிறப்புச் சேவைப் படையை நினைவூட்டுகிறது. அந்தப் படையின் துணிச்சின்னம் சிவப்பு ஈட்டிமுனை. கனடாவின் பெயர் மேலிருந்து கீழாகவும் அமெரிக்காவின் பெயர் குறுக்காகவும் இருக்கும்.

இப்போது உங்கள் கையில் ஒரு அம்புமுனையோ ஈட்டிமுனையோ கிடைத்தால், அது எந்தக் காலத்தது என்று அறிய முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஓரத்தில் தடித்த கயிறு போல நூல் சுற்றியிருக்கிறதா? நம் தையல்காரர்கள் ஓவர்லாக் என்பார்களே, அதே வகை. சுற்று முடியும் இடத்தில் சின்ன வால் ஒன்று மிஞ்சும், அதைப் பின்னால் மடித்து ஒட்டியிருப்பார்கள். இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்கத் துணிச்சின்னங்களில் பெரும்பாலும் இந்த ஓரம் இருக்காது. பூவேலை முடிந்த இடத்தோடு துணியை வெட்டிவிட்டிருப்பார்கள். அப்புறம் இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். பிற்காலச் செயற்கை நூல் பளிச்சென்று ஒளிரும். ஆனால் இதை மட்டும் நம்பி எதையும் ஒதுக்கிவிடாதீர்கள். பழைய பருத்தித் துணியை யாராவது சோப்புத்தூள் போட்டு ஒரே ஒருமுறை துவைத்திருந்தாலும் அதுவும் ஒளிரும்.