பதினாறு வயதில் பத்து மணிக்கு ஏன் தூக்கம் வருவதில்லை?

இரவு பத்தரை. வீட்டில் பெரியவர்கள் கொட்டாவி விடத் தொடங்கியிருப்பார்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கோ அப்போதுதான் சுறுசுறுப்பே வரும். மறுநாள் காலை ஆறரைக்கு அதே பிள்ளையை உலுக்கி எழுப்ப வேண்டியிருக்கும். சோம்பேறித்தனம், செல்போன், ஒழுங்கில்லாமை என்று பழி சொல்லிவிடலாம். செல்போனுக்கு இதில் பங்கு உண்டுதான், ஆனால் முதல் காரணம் அது இல்லை. யார் கையிலும் ஸ்மார்ட்போன் இல்லாத 1993-இலேயே தூக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்காடன் குழுவினர் அமெரிக்க ஆறாம் வகுப்பு மாணவர்களை ஆராய்ந்து ஒன்றைக் கவனித்தார்கள். ஒரே வகுப்பில் படித்தாலும், பருவ வளர்ச்சியில் முந்தியிருந்த பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், இரவில் விழித்திருப்பதையே அதிகம் விரும்பினார்கள். இந்த நகர்வு வயதோடு வளர்ந்து, பெண்களுக்கு 19, 20 வயதிலும் ஆண்களுக்கு 21 வாக்கிலும் உச்சம் தொட்டு, பிறகு மெல்லத் திரும்புகிறது.

தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன என்ற விளக்கத்தை 1982-இல் முன்வைத்தவர் அலெக்சாண்டர் போர்பேலி. முதலாவது தூக்க அழுத்தம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் போன்ற பொருட்கள் சேர்கின்றன, தூங்கும்போது கரைகின்றன. பருவமடைந்தவர்களிடம் இந்த அழுத்தம் சிறு பிள்ளைகளைவிட மெதுவாக ஏறுகிறது. அதனால்தான் பத்து வயதில் ஒன்பது மணிக்கே சுருண்டு விழுந்த பிள்ளை, பதினாறில் நள்ளிரவு வரை தாக்குப்பிடிக்கிறது. ஆனால் தூங்கும்போது அழுத்தம் கரையும் வேகத்தில் பெரிய மாற்றம் இல்லை. பலரும் கவனிக்காமல் விடும் செய்தி இது. இரவில் நெடுநேரம் விழித்திருக்க முடிகிறது என்பதால் தூக்கத்தின் தேவை குறைந்துவிட்டதாகப் பொருள் இல்லை. 13 முதல் 18 வயதுவரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது 2016-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு வெளியிட்ட பரிந்துரை.

இரண்டாவது விசை உடல் கடிகாரம். கண்களிலிருந்து வரும் நரம்புகள் மூளைக்குள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள் இருக்கிறது. அதன் ஒரு சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடப் பத்து நிமிடம்போலக் கூடுதல். தினமும் யாராவது திருத்தாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கிக்கொண்டே போகும். திருத்துவது வெளிச்சம்.

இந்தக் கடிகாரம் இன்னொரு வேலையும் செய்கிறது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் அது விழிப்பைத் தூக்கிப் பிடிக்கிறது. நாள் முழுக்கச் சேர்ந்த தூக்க அழுத்தத்தை அந்த நேரத்தில் ஈடுகட்டுவது அதுதான். மூளையிலுள்ள பீனியல் சுரப்பி, இரவு வந்ததை உடலுக்கு அறிவிக்கும் மெலடோனின் என்ற இயக்குநீரை விடத் தொடங்கிய பிறகே இந்தப் பிடி தளர்கிறது. வழக்கமாகப் பன்னிரண்டரைக்குத் தூங்கும் பிள்ளைக்குப் பத்து மணி என்பது நாளிலேயே தூங்கக் கடினமான நேரங்களில் ஒன்று. ‘இன்றிலிருந்து பத்து மணிக்குப் படு’ என்ற கட்டளை முதல் நாளே தோற்பது இதனால்தான். தூக்கம் வராமல் இரண்டு மணி நேரம் புரண்டு கிடந்தால், படுக்கை என்றாலே எரிச்சல் என்ற பழக்கமும் சேர்ந்துகொள்ளும்.

கடிகாரத்துக்கு வெளிச்சச் செய்தி அனுப்பும் செல்கள் விழித்திரையில் தனியாக இருக்கின்றன. மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட இவை 480 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது நீல ஒளியில், மிகக் கூர்மையாகத் துலங்குகின்றன. உருவங்களைப் பார்ப்பது இவற்றின் முதன்மை வேலை அல்ல. சுற்றுப்புறம் எவ்வளவு பிரகாசம், எவ்வளவு நேரமாக அப்படி இருக்கிறது என்பதையே மெதுவாகக் கூட்டிக் கணக்கிடுகின்றன. ஆகவே நொடி நேரம் ஒரு விளக்கைப் போட்டு அணைப்பதைவிட, மூன்று மணி நேரம் பளிச்சென்ற அறையில் உட்கார்ந்து படிப்பது கடிகாரத்தை அதிகம் பாதிக்கும்.

எண்களில் பார்த்தால் நகரப் பிள்ளைகளின் சிக்கல் புரியும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வெயிலில் 1,00,000 லக்ஸ் வரை வெளிச்சம் இருக்கும். மேகம் மூடிய பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். வகுப்பறைக்குள் அது சில நூறாகச் சுருங்கிவிடும். இரவில் கூடத்து எல்.இ.டி. விளக்கின் கீழ் கண்ணுக்கு 100 முதல் 300 லக்ஸ் வரை வரலாம். முகத்திலிருந்து ஓரடி தள்ளிப் பிடித்த செல்போன் திரை தருவது சில பத்து லக்ஸ்தான். வாகனத்தில் பள்ளி, அறைக்குள் வகுப்பு, மாலையில் தனிப்பயிற்சி, இரவில் மேசை விளக்கு என்று போகும் நாளில் பகல் மங்கலாகவும் இரவு பிரகாசமாகவும் இருக்கிறது. கடிகாரம் எந்தப் பக்கம் நகரும் என்று சொல்லத் தேவையில்லை. பகல் முழுக்க மங்கலில் இருந்தவரின் கண், மாலை வெளிச்சத்துக்குக் கூடுதலாகத் துலங்கும் என்பதும் இதில் சேர்கிறது.

செல்போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, தலைக்கு மேல் வெள்ளை விளக்கை எரியவிடுவது பாதி வேலைகூட ஆகாது. செல்போனின் பெரிய தீங்கு அதன் ஒளியைவிட அதில் ஓடுவதில்தான் இருக்கிறது. முடிவே இல்லாத காணொளி வரிசையும், பதில் எதிர்பார்க்கும் நண்பர்களின் குழுவும் படுக்கும் நேரத்தையே தள்ளிப்போடுகின்றன. திரையை மஞ்சளாக்கும் வசதி இதற்கு மருந்தாகாது.

வெளிச்சம் எந்த நேரத்தில் படுகிறது என்பதைப் பொறுத்து அதன் விளைவும் தலைகீழாகும். உடலின் உள்வெப்பம் ஒரு நாளில் மிகக் குறைவாக இருக்கும் கட்டம், தானாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு வருகிறது. அதற்கு முன் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், அதாவது தூக்கம் இன்னும் தாமதமாகும். அதற்குப் பின் படுவது முன்னுக்கு இழுக்கும். விடுமுறையில் இரவு இரண்டு மணிக்குத் தூங்கிக் காலை பத்தரைக்கு எழும் பிள்ளைக்கு அந்தக் கட்டம் எட்டு மணியை ஒட்டி இருக்கும். அந்தப் பிள்ளையைத் திடீரென்று ஐந்தரைக்கு எழுப்பி வெளிச்சத்தில் நிறுத்தினால், உடலுக்கு அது இன்னும் நடு இரவுதான். பலன் எதிர்த்திசையில் போகும்.

ஆகவே பள்ளி திறக்க இரண்டரை வாரம் இருக்கும்போதே தொடங்குவது நல்லது. முதலில், எழும் நேரத்தை மட்டும் இரண்டு நாளுக்கு ஒருமுறை அரைமணி நேரம் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். பத்தரை, பத்து, ஒன்பதரை என்று போனால் ஆறரையைத் தொடப் பதினாறு நாள் ஆகும். எழுந்த அரைமணி நேரத்துக்குள் வெளியே போய் இருபது முப்பது நிமிடம் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். மொட்டை மாடி, நடை, சைக்கிள், எதுவானாலும் சரி. மூடிய சன்னலருகே நிற்பது போதாது. படுக்கும் நேரத்தைக் கட்டாயப்படுத்த வேண்டாம், அது இரண்டு மூன்று நாள் பிந்தித் தானாகப் பின்தொடரும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து தலைக்கு மேலுள்ள விளக்கை அணைத்துவிட்டு, தாழ்வான இடத்தில் மஞ்சள் விளக்கு ஒன்றை வைத்துக்கொண்டால் போதும். அமெரிக்காவின் கொலராடோவில் 2013-இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வில், ஒரு வாரம் மின்விளக்கே இல்லாமல் கூடாரத்தில் தங்கிய பெரியவர்களின் கடிகாரம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னுக்கு வந்தது. நகரத்தில் அவ்வளவு கிடைக்காது, ஆனால் திசை அதுதான்.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. வார நாளில் ஆறரைக்கும் விடுமுறையில் பதினொன்றுக்கும் எழுந்தால், வாரா வாரம் நாலரை மணி நேர வித்தியாசமுள்ள நாட்டுக்குப் பறந்துபோய்த் திரும்புவதற்குச் சமம். காலை வெளிச்சம் தவறிவிடுகிறது, ஞாயிறு இரவு தூக்கம் வருவதில்லை, திங்கள் பாழாகிறது. வார நாளில் பட்ட தூக்கக் கடனுக்காக ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கவிடலாம். மீதியைப் பகல் தூக்கத்தில் எடுக்கலாம். பள்ளியிலிருந்து வந்து ஆறு மணிக்கு இரண்டு மணி நேரம் தூங்குவது, சேர்ந்த அழுத்தத்தைக் கரைத்து அன்றிரவைக் கெடுக்கும். நான்கு மணிக்கு முன், அலாரம் வைத்து, இருபது நிமிடம் என்றால் சிக்கலில்லை.

தேர்வுக்காலத்துக் காப்பியும் இதே கணக்குதான். காபீன் அடினோசினை அகற்றுவதில்லை, அது பற்றும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உடலில் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் எடுக்கும், ஆளுக்கு ஆள் இது மாறும். மாலை ஐந்துக்குக் குடித்ததில் பாதி இரவு பத்துக்கும் கால்வாசி அதிகாலை மூன்றுக்கும் ரத்தத்தில் இருக்கும். விழித்திருந்து படித்துவிட்டு அதிகாலையில் எழுந்துகொள்பவர்கள் இழப்பது பெரும்பாலும் கனவுத் தூக்கத்தை. ஆழ்ந்த தூக்கம் இரவின் முற்பகுதியிலும் கனவுத் தூக்கம் பிற்பகுதியிலும் குவிந்திருப்பதே காரணம்.

பகலில் சூட்டை வாங்கிய கான்கிரீட் இரவில் அதை வெளிவிடுவது நகரத்துக்கே உரிய இன்னொரு தொல்லை. தூக்கம் பிடிக்க உள்வெப்பம் இறங்க வேண்டும். கை கால்களின் ரத்தக் குழாய்கள் விரிந்து சூட்டை வெளியேற்றுவதால் அது இறங்குகிறது. படுப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பு பத்து நிமிடம் வெந்நீரில் குளிப்பது இதற்கு உதவும். தோலுக்கு ரத்தம் பாய்ந்து, உள்ளே குளிர்ச்சி உண்டாகும். படுக்கும் தறுவாயில் குளித்தால் பலன் குறைவு. சத்தத்தைப் பொறுத்தவரை, சீரான இரைச்சலைவிடத் திடீர் ஹாரன்தான் மூளையை உசுப்புகிறது. மின்விசிறியின் ஒரே மாதிரியான ஓசை அந்த வேறுபாட்டை ஓரளவு மழுப்பும்.

இத்தனையும் செய்தாலும் வீட்டால் முன்னுக்கு இழுக்க முடிவது ஓரளவுக்குத்தான். மீதி பள்ளி மணியின் கையில் இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016-இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தைக் காலை 7:50-இலிருந்து 8:45-க்கு மாற்றினார்கள். பிள்ளைகள் இன்னும் தாமதமாகப் படுப்பார்கள், பலனிராது என்ற சந்தேகம் பலருக்கு இருந்தது. கையில் கட்டிய கருவிகளால் அளந்தபோது படுக்கும் நேரம் பெரிதாக நகரவில்லை. தூக்கத்தின் இடைநிலை அளவு 6 மணி 50 நிமிடத்திலிருந்து 7 மணி 24 நிமிடமாக உயர்ந்தது. கொடுத்த 55 நிமிடத்தில் 34 நிமிடம் தூக்கத்துக்கே போனது. அதன் பிறகும் குறைந்தபட்சப் பரிந்துரைக்கு அரைமணி நேரத்துக்கு மேல் பற்றாக்குறை இருந்தது.